மூன்று மணி காபிக்கு மாற்று: காஃபின் இல்லாத மூலிகை டீ எது, எப்படிப் போடுவது, யாருக்கு ஆகாது?

#1 வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மதியம் மூன்று மணிக்கு மேல் காபியும் டீயும் வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்த நேரத்துக்குச் சூடாக, வாய்க்கு ருசியாக, காஃபின் துளியும் இல்லாமல் என்ன குடிக்கலாம்? அப்பா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல். தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஆளுக்கொன்று போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எல்லாமே உடம்புக்கு நல்லது என்கிறார்கள். எனக்கு அளவும் பக்குவமும், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

#2 மருந்துச்சீட்டு

முதலில் எதில் காஃபின் இருக்கிறது என்று பிரித்துவிடுவோம். கிரீன் டீ, லெமன் டீ, பிளாக் டீ, ஒயிட் டீ எல்லாம் ஒரே தேயிலைச் செடிதான், காஃபின் உண்டு. "துளசி டீ", "இஞ்சி டீ" என்று எழுதிய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அங்கே முதல் பெயரே கிரீன் டீ அல்லது தேயிலை என்று இருந்தால், துளசி வாசனைக்குத்தான். தென்னமெரிக்கச் செடிகளான மாத்தே, குவாரனா இரண்டிலும் காஃபின் உண்டு. கோகோவில் கொஞ்சம் உண்டு. காஃபின் நீக்கிய டீகாஃப் காபியிலும் மிச்சம் இருக்கும். ரூயிபோஸ் என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது தேயிலை இல்லை, அதில் காஃபின் கிடையாது.

அளவு தெரிந்துகொள்ள: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று போட்டிருக்கிறார்கள். நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு 200-க்குள் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். உடம்பில் போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்ப காலத்தில் இன்னும் நீளும். நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது.

ஒன்று முக்கியம். மூன்று வேளை காபி குடிப்பவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி பிடிக்கும், இரண்டு நாள் வரை ஏறும், ஒரு வாரம்கூட இழுக்கும். அந்தத் தலைவலிக்குப் பயந்தே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். காபிக்கொட்டை அரைத்துத் தரும் கடையில் சிக்கரி விகிதத்தை ஏற்றிக் கேளுங்கள்: 80-க்கு 20 வாங்குபவர் ஒரு வாரம் 70-க்கு 30, அடுத்த வாரம் 60-க்கு 40. சிக்கரியில் காஃபின் இல்லை என்பதால் நாக்குக்குத் தெரியாமலே அளவு இறங்கும். சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதனால் பாக்கெட்டில் வருவது அதற்குக் கீழே போகாது. அதன் பிறகு மதிய வேளையை அறவே மாற்றிக்கொள்ளலாம்.

#3 மாயூரம் அடுக்களை

அஞ்சறைப் பெட்டியில் இருப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். தினம் சாப்பாட்டில் போகிற சாமான் என்பதால் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது வீட்டுக்கே தெரிந்திருக்கும். சுக்குமல்லிப் பொடி, நாலு பேருக்கு இரண்டு வாரம் வரும் அளவு:

கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 40 கிராம், சீரகம் 20 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 8.

சுக்கை மேல்தோல் போகக் கத்தியால் சுரண்டுங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று சொல்லி வைத்தது சும்மா இல்லை. கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சுக்கில் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அதைக் கழுவி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுச் சுரண்டவும். உடைத்துப் பார்த்தால் உள்ளே மாவு மாதிரி உதிர்ந்தாலோ ஊசி முனைத் துளைகள் இருந்தாலோ வண்டு விழுந்தது, எடுக்காதீர்கள். சுரண்டியதை இரும்பு உரலில் நாலைந்து துண்டாகத் தட்டிய பிறகுதான் மிக்ஸியில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பிளேடு மழுங்கும், நாரும் பிரியாது.

மல்லியை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்கணும். படபடவென்று சத்தம் வந்து, நிறம் ஒரு படி மாறி, வாசனை அடுக்களையைத் தாண்டியதும் இறக்கிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும், தட்டில் கொட்டுங்கள். கருகின மல்லியின் கசப்பை எத்தனை கருப்பட்டி போட்டாலும் மறைக்க முடியாது. மிளகையும் சீரகத்தையும் சூடு காட்டினால் போதும். ஆறின பின் கொரகொரப்பாக அரைத்து, சுக்கு நாரைச் சலித்து எடுத்துவிடுங்கள். மாவு மாதிரி அரைத்தால் கஷாயம் கலங்கும், தொண்டையில் நிற்கும்.

200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து நாலைந்து நிமிஷம். 150 மில்லியாகச் சுண்டும். இறக்கி இரண்டு நிமிஷம் தெளியவிட்டு வடிகட்டணும். இனிப்பு கடைசியில், டம்ளரில்.

பால் சேர்ப்பவர்கள் திரிகிறது என்பார்கள். காரணம் இரண்டு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இருக்கிற லேசான புளிப்பு கொதிக்கும் பாலைத் திரிக்கும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு, கருப்பட்டியைத் தனியாகப் பாகு காய்ச்சி ஊற்றணும். இன்னொன்று பச்சை இஞ்சி. அதில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது. முதலில் இஞ்சியைத் தண்ணீரில் நாலு நிமிஷம் கொதிக்கவிட்டால் அந்த நொதி செத்துவிடும். அப்புறம் பால் ஊற்றினால் ஒன்றும் ஆகாது.

#4 மருந்துச்சீட்டு

அக்கா சொன்ன பக்குவம் அருமை. இரண்டு சேர்க்கை மட்டும்.

கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதற்காகச் சர்க்கரை நோயாளிக்கு அது தனி விலக்கு ஆகாது, ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அப்பாவுக்கு இனிப்பில்லாமல் பழக்குங்கள். ஏலக்காயை இரண்டு கூட்டினால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

கடைகளில் "சுக்கு காபி", "கருப்பட்டி காபி" என்று விற்பதில் பல இடங்களில் ஒரு சிட்டிகை காபித் தூளும் போடுகிறார்கள். ஹைவேஸ் கடையில் குடிப்பதானால் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

#5 கொடிக்கால்

ஆவாரம்பூவை யாரும் சொல்லலையே! "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ." சர்க்கரைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவங்க அப்பாவுக்கு அதுவே சரி.

#6 அகத்திக்கீரை (சித்த மருத்துவர்)

ஆவாரம்பூ நல்ல மூலிகைதான். ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் என்பதுதானே அதன் குணம்? ஏற்கெனவே குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதே வேலையை இன்னொன்றும் செய்தால் தாழ்சர்க்கரை வரலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றில் கொடுக்காமல், முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டு தொடங்கினால் சரி. மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு ஆவாரம்பூ மட்டும் என்று போவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

அளவு: காய்ந்த பூ குவித்து ஒரு தேக்கரண்டி, 200 மில்லி கொதித்த தண்ணீர், மூடி ஏழு நிமிடம். பச்சைப் பூ என்றால் அதைப்போல் மூன்று பங்கு. காம்பையும் பச்சை இதழையும் கிள்ளிவிட்டால் துவர்ப்பு குறையும்.

செடியை அடையாளம் காண்பது இதைவிட முக்கியம். மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை இல்லை. ஆவாரையில் ஒரு ஈர்க்குக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள். நுனி வட்டமாக இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போன்ற அகலமான பச்சைச் செதில் இரண்டு பக்கமும் நிற்கும். அதைப் பார்த்தாலே போதும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்து இருக்கும். சாலையோரத்தில் அதே குடும்பத்துப் பேயாவாரை வளர்கிறது. அதற்கு நாலைந்து ஜோடிதான் சிற்றிலை, நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம். அதன் விதை குழந்தைகளின் ஈரல், தசை, மூளை மூன்றையும் தாக்குவது வட இந்தியாவில் ஆராய்ந்து எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு பெயர்க் குழப்பம் நிலாவாரை. கடையில் "ஆவாரை இலை" என்று அவசரத்தில் கேட்டு நிலாவாரையை வாங்கி வருபவர்கள் உண்டு. அது பேதி மருந்து. ஸ்லிம் டீ, டீடாக்ஸ் டீ என்று விற்பதில் பலவற்றில் அதுதான் வேலை செய்கிறது. குறைகிற எடை வெறும் தண்ணீர்ச் சத்து. நாள்பட எடுத்தால் பொட்டாசியம் இறங்கி, குடல் தானாக வேலை செய்வதையே மறக்கும்.

#7 வெண்ணாற்றங்கரை

மிக்க நன்றி ஐயா. அப்பாவுக்கு இப்போதைக்கு ஆவாரம்பூ வேண்டாம், சுக்குமல்லியே இருக்கட்டும். அம்மாவின் நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரம் நல்லது என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் அதையே போட்டுவிடலாமா? இனிப்பாகவும் இருக்கும்.

#8 மருந்துச்சீட்டு

வேண்டாம், அப்பாவின் டம்ளரில் கட்டாயம் வேண்டாம். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரஷர் ஏறும். நீர் பிரியும் மாத்திரை சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் சரியும், இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பிணிக்கும் கூடாது. அம்மாவுக்கு பிரஷர் இல்லை என்றாலும் தினசரிப் பானமாக வேண்டாம். பாக்கெட் மூலிகை டீயில் சர்க்கரை போடாமலே தித்தித்தால் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெஞ்செரிச்சலுக்குப் புதினா டீ என்று பலர் சொல்வார்கள். வயிற்று உப்புசத்துக்கு அது நல்லது. ஆனால் உணவுக்குழாயின் கீழ் வாய்த் தசையைத் தளர்த்துவதால் புளித்த ஏப்பமும் எரிச்சலும் கூடும். அம்மாவுக்கு மல்லியும் சீரகமும் மட்டும் போட்ட கஷாயம், சுக்கும் மிளகும் இல்லாமல். வெதுவெதுப்பாக, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. குடித்ததும் படுக்கக்கூடாது.

#9 மாயூரம் அடுக்களை

மல்லிச் சீரகம் அம்மாவுக்குச் சப்பென்று தோன்றினால் மல்லியை இன்னும் ஒரு படி சிவக்க வறுக்கலாம். காபியின் கசப்புக்கு அது கொஞ்சம் ஈடு கொடுக்கும்.

#10 குறுவை சம்பா

செடி பறிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம பக்கம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கரிசலாங்கண்ணி, வல்லாரை, அறுகு, பொன்னாங்கண்ணி எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிறது. பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆனால் நடவு முடிந்த சில நாளில் களைக்கொல்லி போடுகிறோம், அப்புறம் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் மருந்து அடிக்கிறோம். அந்தத் தண்ணீர் வடிகால் வழியாகத்தான் போகிறது. வரப்பில் நிற்கும் செடி அதைக் குடிக்கும். குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு வயலில் மருந்து இருக்கும். அதனால் வயலோரத்தில் பறிக்காதீர்கள். ஊர்ச் சாக்கடை விழுகிற வாய்க்கால், பஸ் போகிற சாலை ஓரம் இரண்டும் அதேபோல. சேற்றில் வளர்கிற செடி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

மஞ்சள் கரிசாலை தேடுபவர்களுக்கு: பார்க்குகளிலும் வீட்டு முகப்பிலும் தரை முழுக்கப் படர விடும் மஞ்சள் பூச் செடி ஒன்று இருக்கிறது. இலை தடிப்பாகப் பளபளவென்று, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அது வெளிநாட்டு அழகுச் செடி, கரிசாலை இல்லை. நாற்றங்காலிலேயே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் நாலு தொட்டி போதும். துளசி, எலுமிச்சைப்புல், கற்பூரவல்லி, வேலியில் ஒரு சங்குப்பூக் கொடி. எலுமிச்சைப்புல்லுக்கு 12 அங்குலத் தொட்டி, மணல் கலந்த மண், தண்ணீர் வடிய அடியில் துளை. நம் களிமண்ணை அப்படியே போட்டால் மழையில் தூர் அழுகும். தரையில் இருந்து ஒரு சாண் விட்டு அறுத்தால் திரும்பத் தழைக்கும்.

காயவைப்பது தஞ்சைப் பக்கத்தில் லேசான வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதையும் உலர்த்த நினைக்காதீர்கள்; காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆவணிக்குள் உலர்த்தி எடுத்துவிட வேண்டும். காலை பனி ஈரம் காய்ந்த பிறகு பறித்து, கழுவி, துணியில் ஒற்றி, ஒரே அடுக்காகப் பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள். மின்விசிறி ஓடட்டும். வெயிலில் போட்டால் துளசி கறுத்து வாசனையை இழக்கும். இலையை மடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். காம்பு டக்கென்று ஒடிய வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் உட்சுவரில் ஆவி படிந்திருந்தால் ஈரம் போகவில்லை, திரும்பக் கொட்டி உலர்த்துங்கள். பூஞ்சணம் பார்த்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக்கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

#11 கோடியக்கரை காத்து

சங்குப்பூ பற்றிக் குறுவை அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன். பச்சைப் பூ ஐந்தாறு, பச்சைக் காம்புக் கிண்ணத்தை இழுத்து எடுத்துவிட்டு, கொதிநீர் 200 மில்லி ஊற்றி மூடி ஐந்து நிமிடம். ருசி என்று பெரிதாக இல்லை, நிறம்தான் அழகு. அதனால் கூடவே எலுமிச்சைப்புல் இரண்டு தாள் முடிச்சுப் போட்டு இடுங்கள். இறக்கி எலுமிச்சம்பழம் நாலு சொட்டு விட்டால் நீலம் அப்படியே ஊதாவுக்குத் திரும்பும். பூவைத் தவிர வேரும் விதையும் பேதிக்கு இழுக்கும், அதைத் தொட வேண்டாம்.

கடலோரக் கடைமடைக்காரர்களுக்கு: நம் போர் தண்ணீரில் சங்குப்பூ போட்டால் நீலம் வராமல் ஒருமாதிரி பச்சை கலந்து வருகிறதே என்றால் பூவில் குறை இல்லை. தண்ணீரில் காரத்தன்மை. கொதிக்கக் கொதிக்க அது இன்னும் ஏறும். அதே தண்ணீரில் துளசி, சுக்குமல்லி போட்டாலும் மேலே ஆடை மாதிரி படலம் கட்டும், வாசனை மங்கும். கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

#12 கும்பகோணம் டவரா

எலுமிச்சை பேச்சு வந்ததால்: பித்தளை டவரா டம்ளரில் இதைக் குடிக்காதீர்கள். உள்ளே வெள்ளீயம் பூசாத, அல்லது பூச்சு தேய்ந்த பித்தளையில் எலுமிச்சை, செம்பருத்தி, நெல்லி என்று புளிப்பு எது பட்டாலும் செம்பு கரையும். வயிற்றைப் புரட்டி வாந்தி வரும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி. பாலும் டிகாக்‌ஷனும் ஊற்றின வழக்கத்தில் எல்லாவற்றையும் அதில் ஊற்றிவிடுகிறோம். காய்ச்சும் பாத்திரமும் அலுமினியம் வேண்டாம்.

#13 மருந்துச்சீட்டு

சரியாகச் சொன்னீர்கள் சார். செம்பருத்தி பற்றியும் இங்கேயே: கடையில் "ஹைபிஸ்கஸ் டீ" என்று வருவது பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்தின் சிவப்புப் புல்லிவட்டம், வீட்டுச் செம்பருத்தி இல்லை. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையோடு தினம் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அப்பாவுக்கு வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. கர்ப்பிணிக்கு இரண்டு செம்பருத்தியுமே வேண்டாம்.

#14 நெல்லித்தோப்பு

தூக்கத்துக்குக் கெமோமில் என்கிறார்களே, அது நம் சாமந்திதானே? பூக்காரத் தெருவில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. உலர்த்தி வைக்கலாமா?

#15 அகத்திக்கீரை (சித்த மருத்துவர்)

அது வேறு செடி. குடும்பம் ஒன்றுதான், செடி ஒன்றில்லை. அதோடு மாலைக்கும் சரத்துக்கும் வளர்க்கிற பூ எதையும் குடிக்காதீர்கள். சாமந்தி, பன்னீர் ரோஜா, மல்லிகை எல்லாவற்றுக்கும் சந்தைக்கு வரும் முந்தின நாள்வரை மருந்து அடிப்பார்கள். அது சாப்பாட்டுக்கு விளைவித்தது இல்லை, எச்சத்துக்குக் கணக்கும் கிடையாது. கழுவினாலும் முழுக்கப் போகாது.

பூஜைக்கு வைத்திருக்கும் செவ்வரளி, மஞ்சள் பொன்னரளி பூக்களை மூலிகை காயும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். இரண்டு மூன்று இதழ் கலந்தால்கூட இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நித்தியகல்யாணிப் பூவைச் சர்க்கரைக்கென்று மென்று தின்பவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் எடுக்கப்படும் செடி அது. டீயாகப் போடும் செடி அன்று. நிலவேம்பும் அப்படித்தான், காய்ச்சல் நாளுக்கான கஷாயத்தைத் தினசரிப் பானம் ஆக்க வேண்டியதில்லை.

கெமோமில் வேண்டுமென்றால் உணவுப் பொருளாக விற்கும் டப்பாவில், உணவுப் பாதுகாப்புத் துறையின் (FSSAI) 14 இலக்க உரிம எண் பார்த்து வாங்குங்கள். சாமந்தி வகைப் பூவுக்குத் தும்மல், அரிப்பு வருபவருக்கு அதுவும் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் தொடக்கூடாது. தூக்கத்துக்கு மூலிகையைவிடக் காஃபின் நின்றதே பெரிய மருந்து. எட்டு மணிக்கு மேல் எந்த டீயும் ஒரு டம்ளர் குடித்தால் சிறுநீருக்கு எழுந்தே தூக்கம் கெடும்.

#16 வெண்ணாற்றங்கரை

தங்கைக்கு என்னதான் கொடுப்பது? இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறாள்.

#17 மருந்துச்சீட்டு

சீரகத் தண்ணீர், மல்லி விதைக் கஷாயம், எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீர், குமட்டல் இருந்தால் இஞ்சி. இவை சாப்பாட்டு அளவில் இருக்கிற வரை கவலை இல்லை. சீரகம் அரைத் தேக்கரண்டிக்கு அரை லிட்டர் தண்ணீர், ஐந்து நிமிடக் கொதி. இஞ்சி, விரல் நுனி அளவு ஒரு துண்டு, நாளுக்கு ஒரு முறை. சுக்குமல்லி குடித்தால் மேலே சொன்ன பொடியில் அரைத் தேக்கரண்டி போதும். பொதுவாகவே மூலிகை எதுவானாலும் மகப்பேறு மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

வேண்டாதவை: அதிமதுரம், நிலாவாரை, கருஞ்சீரகக் கஷாயம், வெந்தயக் கஷாயம், தினமும் துளசி, பெயர் தெரியாத பதினெட்டு மூலிகைக் கலவைப் பொடி. முருங்கையைக் கீரையாகச் சாப்பிடட்டும், பொடி டீயாக வேண்டாம்.

இரும்பு மாத்திரை கேட்டது நல்லது. காபி, டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்துதான் இரும்பு சேர்வதைத் தடுக்கிறது என்பார்கள். ஆனால் புதினா, கெமோமில் டீக்களிலும் அந்தக் குணம் உண்டு, காஃபின் இல்லாததால் மட்டும் விலக்கு இல்லை. மாத்திரைக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை கலந்த வெந்நீர் மாத்திரைக்குத் துணை.

குழந்தை பிறந்த பிறகு ஓமத் தண்ணீர், வசம்பு, தேன் என்று வீட்டில் கேட்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, தேன் ஒரு வயது வரை கூடாது.

#18 கொடிக்கால்

டாக்டர் சொன்னதைப் படித்தேன், ஆவாரம்பூ விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வெற்றிலை பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: சளி நாளுக்கு ஒரு கொழுந்து வெற்றிலை, காம்பும் நுனியும் கிள்ளி, மூன்று மிளகோடு போதும். தினமும் வேண்டாம். கொடிக்காலில் மருந்து உண்டு, ஓடும் தண்ணீரில் இருபக்கமும் தேய்த்துக் கழுவணும்.

#19 நெல்லித்தோப்பு

பட்டை டீ?

#20 மருந்துச்சீட்டு

மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், தினமும் போனால் ஈரலுக்குக் கேடு. காகிதச் சுருள் மாதிரி பல அடுக்காக இருக்கிற சுருள் பட்டையில் மிகக் குறைவு. தடித்தது என்றால் அரை அங்குலத் துண்டு, வாரத்தில் இரண்டு நாள். வார்ஃபரின், ஈரல் நோய், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் எந்த மூலிகை டீயையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடர வேண்டாம். அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

#21 கும்பகோணம் டவரா

எல்லாம் சரி. ஆனால் பாலும் நுரையும் இல்லாமல் மூன்று மணி கழியாது என்பவர்களுக்குக் கஷாயம் ஈடாகாது. அவர்களுக்கு வறுத்த சிக்கரி மட்டும். காபித் தூள் கடையில் தனியாகவே கொடுப்பார்கள்.

ஃபில்டரில் போடாதீர்கள். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊதி, துளைகளைப் பசை மாதிரி அடைத்துவிடும். ஒரு மணி நேரமானாலும் கீழே இறங்காது. அழுத்தினால் கலங்கலாகப் பிதுங்கும். பதிலாக ஒரு கிண்ணம் கொதிநீர், 100 மில்லி, அதில் ஒன்றரைத் தேக்கரண்டி சிக்கரி, ஒரு நிமிடம் சிறு தீ, இறக்கி மூடி நாலு நிமிடம். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினால் கருப்பாக, கெட்டியாக டிகாக்‌ஷன் வரும். ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு மூன்று பங்கு பால். தண்ணீர் சேர்க்காத, அப்போதுதான் காய்ந்த பால். ஆறிய பாலைத் திரும்பக் காய்ச்சினால் நுரை நிற்காது. கை உயர்த்தி நாலு ஆற்று.

கசப்பு மட்டும் இருக்கிறது, காபியின் அந்த மணம் இல்லை என்பார்கள். வறுத்த மல்லித் தூள் கால் தேக்கரண்டி சிக்கரியோடு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். மணம் ஓரளவு வந்து நிற்கும். முதல் வாரம் ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம், சிக்கரியில் இருக்கும் நார்ச்சத்து சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும். சாமந்தி வகை அலர்ஜி உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும், அது அதே குடும்பம்.

#22 வெண்ணாற்றங்கரை

இது எனக்குத்தான். சுக்குமல்லியும் எலுமிச்சைப்புல்லும் அலுவலகத்துக்குப் பிளாஸ்கில் கொண்டுபோனால் மூன்று மணிக்குச் சரியாக இருக்குமா? காலை எட்டு மணிக்குப் போட வேண்டியிருக்கும்.

#23 மாயூரம் அடுக்களை

இருக்கும், பால் சேர்க்காவிட்டால். பால் ஊற்றியது பிளாஸ்கில் நாலு மணி நேரம் தாங்காது, கெட்டுவிடும். சுக்குமல்லியை வடிகட்டி, வண்டல் ஒரு துளியும் போகாமல், இனிப்பும் இல்லாமல் ஊற்றுங்கள். பொடி உள்ளே போனால் மணி ஏற ஏறக் கசப்பும் காரமும் ஏறும். எலுமிச்சைப்புல்லை ஆறு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், பிளாஸ்கில் தாளைப் போட்டு வைத்தால் பச்சைப் புல் வாடை வந்துவிடும். துளசியைப் பிளாஸ்கில் கொண்டுபோகாதீர்கள், எப்படி வடிகட்டினாலும் மூன்று மணிக்குள் நிறம் கறுத்து வாசனை மாறும். அதற்குப் பதில் உலர்ந்த இலையைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய் அங்கே வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். ஊற்றுவதற்கு முன் பிளாஸ்கைக் கொதிநீரால் அலசி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டணும். பழைய காபி வாசனை மூடியின் ரப்பர் வளையத்தில்தான் தங்கும். அதைக் கழற்றித் தனியாகச் சமையல் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.